பெர்னடெட் குடித்த ஹாருவான் சூப்

“ஹலோ... ஆ, சொல்லுங்க அண்ணி... ஆமா, ஆமா, நான்தான்... கொரல் இப்படித்தான் வரும், கன்னம் வீங்கிக் கெடக்கு லா... நேத்துதான் புடுங்குனாங்க. கடவாப்பல்லு...”

பத்தாங் காலியிலிருந்து நாத்தனார் யூஜினியா கூப்பிட்டால் அது நலம் விசாரிக்க அல்ல என்பது பெர்னடெட்டுக்குத் தெரியாதா என்ன? புக்கிட் பெலிம்பிங் வீட்டு அடுப்பில் ஹாருவான் என்கிற விரால் மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மீன் புண்ணை ஆற்றும் என்று, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கெல்லாம் மலாய்க்காரர், சீனர், தமிழர் பேதமில்லாமல் ஆக்கிக் கொடுப்பார்கள். கணவன் லியோனார்ட் மீனை உயிரோடு வாங்கி வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அதுவும் தவக்காலத்தில்! சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் மீன்கூடத் தொடாத குடும்பத்தில்! தங்கமான மனுஷன்தான், கையில் போன் இருந்தால் மட்டும் புத்தி புல் மேயப் போய்விடும்.

“...ஆமா, மீனுதான். நான் ஏன் பொய் சொல்றேன்?... கஞ்சியா? நேத்துலேர்ந்து கஞ்சிதானே அண்ணி குடிக்கிறேன். ஆறவெச்ச கஞ்சி, தௌஃபூ, ஐஸ்கிரீம்... ஆமா, ஐஸ்கிரீம்தான்! டாக்டரம்மாவே சொன்னாங்க. சூடு வேணாம், காரம் வேணாம், ஸ்ட்ரா போட்டு உறியாத, குளுகுளுன்னு சாப்பிடுன்னு... ஜன்னியும் வராது, கின்னியும் வராது... சாயங்காலம் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிடுவேன். சூப்ப ஆறவெச்சுக் குடிப்பேன்... காது கேக்குது, கத்தாதீங்க.”

உண்மையில் சண்டை மீனுக்காக இல்லை. அடுத்த வாரம் பெரிய வெள்ளி. தோட்டத்துச் சின்னக் கோயிலில், சிலுவையிலிருந்து இறக்கிய சுரூபத்துக்கு முன்னால் மாதாவின் புலம்பலைத் தனிக்குரலில் பாடுவது இத்தனை வருடமும் யூஜினியாதான். போன வருடம் தொண்டை கட்டிப் பாதியில் நின்றுபோனாள். இந்த வருடம் ஃபாதர் பெர்னடெட்டைப் பாடச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யூஜினியா அவளுக்குத் தோட்டத்துத் தொண்டை என்று பெயர் வைத்து, பாட்டுக் குழுவில் ஓர் அடிகூடத் தனியாகப் பாட விடவில்லை. எத்தனை நாள் ஆசை! இப்போது போய்ப் பல் சதி செய்தது. பெரிய வெள்ளிக்குள் புண் ஆறி, வாய் நன்றாகத் திறந்தாக வேண்டும்.

“...என்னா சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க... கவுச்சி தின்ன வாயி மாதாவப் பாடக்கூடாதா?... அப்ப யாரு பாடுறது, உங்க மவளா?... ஓஹோ! இப்பத்தான் விசயத்துக்கு வர்றீங்க. எரியிற வீட்டுல புடுங்குனது லாபம்னு பாக்குறீங்களா அண்ணி?...”

அவளுக்குக் கன்னம் விண்விண்ணென்று தெறித்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாகத் தெறித்தது.

“...ஃபாதர்கிட்ட சொல்லுவீங்களா? தாராளமா சொல்லுங்க. நானே கேட்டுட்டேன். நோயாளிக்கு ஒருசந்தி நோம்பும் இல்ல, கவுச்சி விடுற சுத்தபோசனமும் இல்லன்னுட்டாரு. அதோட, மீனு வேணாம்னு திருச்சபை எங்க சொல்லுச்சு? அது நம்ம வீட்டுச் சட்டம்... ஆமா, ஆமா, உங்கப்பா, மாமா போட்ட சட்டம், தெரியும். அதே மாமாவுக்கு பைல்ஸ் ஆபரேஷன் ஆனப்ப, இதே தவக்காலத்துல, இதே ஹாருவான ஆக்கிக் கொடுத்தது யாரு?... சொல்லுங்க... ஆக்குனது நீங்க, செதில் ஒரசிக் கொடுத்தது நான். வெளிய மூச்சு விடாதன்னீங்க, நானும் விடல... என்னா, பேச்ச மாத்துறீங்க?”

லியோனார்ட் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, போதும் என்று கையால் சாடை காட்டினான். அவள் ஒரு முறை முறைத்தாள். அவன் வந்த வழியே போய்விட்டான்.

“...முடியாதா? என்னால பாட முடியாதுன்னு யாரு சொன்னா?... வீங்குன வாயோடவா? ஆமா, வீங்குன வாயோடதான். இருங்க. வெச்சுறாதீங்க.”

அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். வாய் பாதிதான் திறந்தது. ஆனாலும் எடுத்தாள்.

“பெத்த வயிறு பத்தி எரியுதே, என் மகனே... ஒன் மேனியத் தாங்க இந்த மடி பத்துமா, என் மகனே...”

இரண்டாவது ‘மகனே’யில் வலி காது வரைக்கும் இழுத்தது. விடவில்லை, இழுத்து முடித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வலியா, மாதாவா, அவளுக்கே தெரியவில்லை.

“...கேட்டுச்சா அண்ணி?... என்னா? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க... ரெண்டாவது அடிய எறக்கி எடுக்கணுமா?”

அடியம்மா! தடுக்க வந்தவள் பாடம் எடுக்கிறாள். பெர்னடெட்டுக்குச் சிரிப்பு வந்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“...அது நீங்க எடுக்குற எடுப்பு அண்ணி. இந்த வருசம் நான் பாடுறேன், என் எடுப்புலதான் பாடுவேன்... கோவமா? இருந்துட்டுப் போவட்டும். வெள்ளிக்கெழம கோயிலுக்கு வந்து, எல்லாரோடயும் சேந்து அழுவுங்க. வெச்சுறேன்.”