அவன் சாகவில்லை

“அண்ணை, அவன் சாகேல்லை!”

பார்க் மெட்ரோ நிலையத்தில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள். இதைச் சொன்னவரின் மடியில் நூலகத்துத் தடித்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று.

“ஆரடா?”

“அந்த ரஷ்ய நாவலிலை வாற சிப்பாய். இயக்கத்திலை அரசியல் வகுப்புக்குத் தந்தவங்களெல்லே.”

“ஓம், கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம். சண்டையிலை வீரச்சாவு எண்டுதானே வகுப்பெடுத்தவர் சொன்னவர்?”

“நானும் இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டு இருந்தனான். நேற்றுத்தான் இந்தப் பிரெஞ்சுப் புத்தகத்திலை, மகளைப் பக்கத்திலை வைச்சு அர்த்தம் கேட்டுக் கேட்டு முடிவை வாசிச்சன். துவக்கை எறிஞ்சுபோட்டு வீட்டை ஓடிப்போறான் அண்ணை. கலியாணம் கட்டி, உருளைக்கிழங்கு நட்டு, பேரப்பிள்ளையும் கண்டிட்டான். எனக்கெண்டா நெஞ்சு லேசாப் போச்சு.”

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, தனக்குத் தெரியாத மொழியில் இருந்த கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப, இதைத்தான் கிழிச்சிருக்கிறாங்கள்.”

“பின்னை? வாசிச்சிருந்தா நாங்களும் ஓடியிருப்பம் எண்ட பயம்.”

“விசரா, நாங்கள் வாசிக்காமலே ஓடி வந்தனாங்கள்தானே.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.