வண்டியின் மேல் குற்றமில்லை

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது, சார். ஸ்டேஷனில் உங்கள் ஆட்கள் அதைப் பிரித்துப் போட்டு பிரேக்கையும் செயினையும் சோதிப்பதாகக் கேள்விப்பட்டேன். வீண் வேலை. சின்ன இன்ஜின்தான், ஆனால் சுறுசுறுப்பு. மூடி மறைக்கிற பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டு நிற்கும். அகலமான ஹேண்டில், கால் தரையில் பதிகிற உயரம். கிளட்ச் அவ்வளவு லேசு. ஒருமுறை எலும்பு முறிந்த மணிக்கட்டுகூட வலிக்காமல் பிடிக்கும். என் மனைவியின் இடது கை அப்படிப்பட்டது.

எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவது தொழில். ஊருக்கே நான் மாஸ்டர். இங்கே இரண்டு சக்கரத்தில் போகிறவர்களில் பாதிப் பேர் என் மைதானத்தில் விழுந்து எழுந்தவர்கள். பெண்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறேன். மனைவிக்குத்தான் சொல்லித் தரவில்லை. அவள் கேட்காமல் இல்லை. "உனக்கு எங்க போகணும், சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்பேன். கூட்டிக்கொண்டும் போனேன். கடைக்கு, அவள் தங்கை வீட்டுக்கு, மணிக்கட்டு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்கு. எப்படி நடந்தது என்று டாக்டரிடம் நானே விளக்கினேன், அவள் சிரமப்பட வேண்டாமென்று. அவளுடைய போனை தினமும் சாயங்காலம் ஒருமுறை வாங்கிப் பார்ப்பேன், டயரில் காற்றுப் பார்ப்பதுபோல. பொருளைப் பராமரிக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மாணவர்களைத் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்குள்ள குமாஸ்தா என் தோளில் தட்டினார்.

"என்ன மாஸ்டர், வீட்ல அவங்க முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிட்டாங்க. எங்களுக்கு ஒரு டீ கூடக் கிடையாதா?"

நான் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் சொன்னார். பஸ் நிலையத்துப் பக்கம் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கும் கண்ணாடி போட்ட டீச்சரிடம் அவள் கற்றிருக்கிறாள். நான் மைதானத்தில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில். சொந்தமாக வண்டியும் வாங்கித் தங்கை வீட்டில் நிறுத்தியிருக்கிறாளாம். குமாஸ்தாவுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. என் மாணவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த டீயின் சூடு என் நாக்கில் உறைக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நேராக என் மச்சினி வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். பின்பக்கம் திறந்துதான் கிடந்தது. உறை போட்ட வண்டி ஒன்று நின்றது. விலக்கிப் பார்த்தேன். நீல நிறம். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு நான் போனில் சிபாரிசு செய்கிற அதே வண்டி. சோறு பரிமாறிக்கொண்டே என் மனைவி கேட்டு மனசில் வைத்திருக்கிறாள். என் பேச்சுக்கு அவள் கொடுத்த மதிப்பை நினைத்து அந்த நிமிஷத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, சார். பிறகுதான் வண்டிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். அவளுடைய தையல் மெஷின். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய அவள் துணிகள். பழசாகிவிட்டன, யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றவை.

கடைக்குப் போய்வர வாங்கிய வண்டி இல்லை அது. போவதற்கு மட்டும் வாங்கியது.

நான் கத்தவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "வண்டி எடுத்திருக்கியாமே. நல்ல செலக்ஷன். மிச்சத்தை நானே சொல்லித் தரேன்" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கை தானாக முகத்தை மறைக்கப் போனது. நான் குனிந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

சில வாரங்கள் காலையில் மைதானத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான். முதலில் பயந்துகொண்டே ஓட்டினாள். பிறகு ஒருநாள் மூன்றாவது கியரில் மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. "இதையெல்லாம் அப்பவே சொல்லித் தந்திருக்கலாமேங்க" என்றாள். அடுத்த வாரம் தையல் மெஷின் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ரிப்பேர் ஆகிவிட்டதாம். துணிகளும் ஒவ்வொன்றாக அலமாரியில் வந்து உட்கார்ந்தன. நான் கவனித்தேன். ஆனால் ஒருமுறை கிளம்பிய மனசை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது?

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அதையே பார்ப்பார்கள். கண் போகிற பக்கம்தான் கை போகும், கை போகிற பக்கம்தான் வண்டி போகும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் மோதும். அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் என் பாதித் தொழில். அவளுக்கு அதை உடைக்கவில்லை. வளர்த்தேன்.

"எது பயமா இருக்கோ, அதுமேல இருந்து கண்ண எடுக்காத" என்றேன்.

"டீச்சர் வேற மாதிரி சொன்னாங்களே. போக வேண்டிய பக்கம்தான் பாக்கணும்னு."

"அவங்க ஸ்கூட்டர் சொல்லித் தர்றவங்க. இது பைக்கு."

கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மைதானத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு சுற்றச் சொல்வேன். மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. வேகம் கூடினால்தான் கண் ஜெயிக்கும். அவள் நல்ல மாணவி. கண் இமைக்கவே மாட்டாள்.

பழைய கல் குவாரிக்குப் போகிற சாலையில் அந்த வளைவு இருக்கிறது. வெளிப்பக்கம் கருங்கல் சுவர், சுவர் முடிகிற இடத்தில் திறந்த பள்ளம். "அந்தச் சுவர் பொல்லாதது, நிறையப் பேர் மோதியிருக்காங்க" என்று வழி நெடுகச் சொல்லி வைத்திருந்தேன். "ஆனா வேகத்தக் குறைக்காத. குறைச்சா வண்டி சாயும்." நான் என் வண்டியில் முன்னால் போய், சுவர் முடிகிற இடத்தில் இறங்கி நின்றேன். பார்க்க வேண்டுமென்று தோன்றியது. சொல்லிக் கொடுத்தவன் பார்க்காமல் இருப்பது முறையில்லை.

வளைவில் வந்தாள். நல்ல வேகம். உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது.

உங்கள் ஆள் சாலையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு என்னிடம் கேட்டார். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை, டயர் தடம் நீங்கள் நின்ற இடத்துக்கு நேராக வந்திருக்கிறதே, ஏன் என்று. அதை நானும் எதிர்பார்க்கவில்லை, சார். அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் தெளிவாகத் தெரிந்தன. வளைவு தொடங்கியதிலிருந்து அவை என்னை விட்டு அசையவில்லை. நான் ஓரடி விலகிக்கொண்டேன். அவள் வண்டியோடு பள்ளத்துக்குள் போனாள்.

அவளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிணவறை வாசலில் என் மச்சினி எல்லோர் முன்னாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு உங்க மேல துளி அன்பும் இருந்ததில்ல" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். அத்தனை பெரிய சுவர் எதிரே நிற்கும்போது, என் மனைவி என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்பு இல்லாமலா?