காண்டாமிருகக் கார்டு

இரவு பன்னிரண்டரை. வலங்கைமானைத் தாண்டி வாய்க்கால் கரையோடு போகும் மண் ரோடு. நெடுமாறன் பைக் விளக்கை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே போனான். யார் கண்ணிலாவது பட்டால் மானம் போய்விடும்.

நெருங்கி உட்காருங்கள். நம்ம கூட்டாளி அப்சரின் மாமா கடை வரைக்கும் வந்த கதை இது.

நெடுமாறன் படித்த பையன். சென்னை வேலையை விட்டுவிட்டு, வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் கிரிப்டோ மைனிங் ஆரம்பித்தான். கம்ப்யூட்டருக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக மாட்டி ராப்பகலாக ஓடவிட்டால் காசு வரும். கரண்ட் பில்தான் அதைத் தின்றுவிடும். இவனுக்கு ஏது பில்... விவசாயத்துக்கு அரசாங்கம் தரும் இலவச கரண்ட். நெல்லுக்குக் கொடுத்ததைக் கார்டுக்குத் திருப்பிவிட்டான்.

மூன்று கம்பெனிக் கார்டுகள் வைத்திருந்தான். பெட்டியில் சுறா படம் போட்டது வயல்காட்டு ஈரத்துக்கே துரு ஏறிச் செத்தது. தேள் படம் போட்டது உமித் தூசியில் ஃபேன் சிக்கி நின்றது. காண்டாமிருகப் படம் போட்டது மட்டும் மாடாய் உழைத்தது. "வாங்குனா காண்டாமிருகம் வாங்குடா, சாகவே சாகாது" என்று கூட்டாளிகளிடம் போனில் பீற்றிக்கொள்வான்.

பக்கத்து வயல் காத்தான் அவனுக்குச் சித்தப்பா முறை. அந்தப் பக்கம் ஃபியூஸ் போனால் லைன்மேன் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் கைப்பிடியை இறக்கி லைனை அணைத்துவிட்டுத் தாங்களே கம்பி கட்டிவிடுவார்கள். காத்தான் அதற்கென்றே ஒரு துண்டு ஃபியூஸ் கம்பியை அரைஞாண் கயிற்றில் சுற்றி வைத்திருப்பார். கட்டி முடித்ததும் இவனுக்கு போன் வரும். "போட்டுட்டேன் தம்பி."

குறுவை நாற்றங்கால் வாடிக் கிடந்த ஒரு ராத்திரி, கார்டுகள் இழுத்த இழுப்பில் ஃபியூஸ் போனது. காத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, இப்பல்லாம் அடிக்கடி போகுதே. லைன்மேன வரச் சொல்லிக் காட்டிடலாமா?"

லைன்மேன் வந்தால் கொட்டகையைத் திறக்கச் சொல்வார். கார்டுகள் தெரிந்துவிடும்.

"அவர் எதுக்குச் சித்தப்பா... நீங்களே போட்டுடுங்க."

போனார். சேற்று ஈரம் காயாத கை. கைப்பிடி பாதிதான் இறங்கியிருந்ததாம். டப் என்று ஒரே சத்தம்... அன்றைக்கு அந்த போன் வரவில்லை.

கருமாதியில் காத்தானின் மனைவி பொன்னுத்தாய் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "லைன்மேன கூப்புடுங்கன்னு சொன்னேன்ப்பா. யாரு சொல்லியும் கேக்காம போயிட்டாரு."

யார் சொல்லிப் போனார் என்று இவனுக்கல்லவா தெரியும். அந்தக் கையால் அன்று சோறு அள்ள முடியவில்லை. அவ்வளவு வெட்கம்.

அந்த ராத்திரிதான் பைக்கை உருட்டிக்கொண்டு கார்டுகளை அப்புறப்படுத்தப் போனான். சாவு விழுந்த அன்றே மெயினை அணைத்து, வயரெல்லாம் பிடுங்கிப்போட்டிருந்தான். பூட்டைத் திறந்தான். இருட்டு. உள்ளே... விர்ர்ர்...

காண்டாமிருகத்தின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த காற்றில் சேற்று வாசனை. கூடவே மயிர் பொசுங்கிய நாற்றம். விரலால் அழுத்தினான், நின்றது. விரலை எடுத்தான். விர்ர்ர்...

"சித்தப்பா... நான்தான்..." என்றான். கார்டைச் சாக்கில் போட்டுக் கட்டினான்.

மறுநாள் கும்பகோணம். அப்சரின் மாமா ஜாஃபர் சாதிக் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்பவர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது ஃபேன் சாதுவாக நின்றிருந்தது.

"மைனிங்ல ஓடுனதா தம்பி? அதுன்னா எந்தக் கம்பெனியா இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்."

"இல்ல பாய். கேம் விளையாடுனதுதான்."

இன்னொரு பொய். தலை நிமிராமல் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கடை சாத்தும் நேரத்துக்கு போன் வந்தது.

"தம்பி, வயரே மாட்டல... ஃபேன் சுத்துது. அதுல கறுப்பா ஒரு அரைஞாண் கயிறு சிக்கியிருக்கு. கயித்துல ஃபியூஸ் கம்பி. என்ன பண்றது இத?"

தொடாதீங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"நீங்களே கழட்டிடுங்க பாய்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. "பாய்... வேணாம்... பாய்..."

டப்.

விர்ர்ர்... அது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம். பிறகு யாரோ செருமினார்கள். ஜாஃபர் பாய் குரல் இல்லை.

"போட்டுட்டேன் தம்பி."