மேட்டில் விக்கிய வண்டி

நல்ல எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தூக்கம் வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சதாசிவம், சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஆலை எஞ்சினுக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை கண்ணயர்ந்திருக்கிறேன். சத்தம் துளி பிசகினாலும் விழித்துக்கொள்வேன்.

என் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் விலை விழுந்து ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தபோது, சும்மா இருக்க முடியாமல் அதில் கை வைத்தேன். சிங்கப்பூரிலிருந்து பெரிய கார்பரேட்டர் வரவழைத்துப் பொருத்தினேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டேன். வேகம் வந்தது. கூடவே விக்கலும் வந்தது.

சமதரையில் ஒன்றும் தெரியாது. எஸ்டேட் மேட்டில் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி ஏறினால், உச்சிக்குச் சற்று முன்னால் மிஸ் அடிக்கும். படபடவென்று வெடிக்கும், மூச்சு நிற்கும், மறுபடி வெடிக்கும். பிளக்கை மாற்றினேன். தீப்பொறி கொடுக்கிற மேக்னட்டோவைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். வால்வு ஸ்பிரிங் புதிதாகப் போட்டேன். பெட்ரோல் குழாயை வாய் எரிய ஊதினேன். ஒவ்வொரு தடவையும் இதோ சரியாகிவிட்டது என்று மேடேறுவேன். அதே இடம், அதே விக்கல். எனக்குச் சோறு இறங்கவில்லை. லயத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் விக்கிக் காட்டினார்கள்.

என் மைத்துனன் லெட்சுமணன் ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தினான். என் மனைவி தனலெட்சுமியின் தம்பி, ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை.

"மாமா, பழைய கார்பரேட்டரையே மாட்டிருங்களேன். நல்லாத்தானே ஓடிச்சு," என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அதன்பிறகு கொஞ்ச நாள் அவனோடு என்னால் பேச முடியவில்லை.

அப்புறம் யோசித்தேன். பெட்ரோல் அதிகமா, குறைவா என்று பிளக்கைப் பார்த்தால் தெரியும். அதிகமானால் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். ஆனால் விக்குகிற அந்த நேரத்தில், ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போதே எஞ்சின் நிற்க வேண்டும். குறைத்துவிட்டு நிறுத்தினால் நிறம் மாறிவிடும். விக்கல் வருகிற இடத்திலேதான் ரோடும் வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் கல்லுடைத்த பள்ளம். நானே ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் கண்ணில் பட்டதும் என் கை தானாக ஆக்சிலேட்டரை மூடியது. எத்தனை தடவை போனாலும் அந்தக் கை சொன்னபடி கேட்கவில்லை.

லெட்சுமணனுக்கு வண்டி என்றால் உயிர். நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன்.

"நீ மேட்டுல ஓட்டிட்டு வா. நான் உச்சியில நின்னு சத்தத்தைக் கேக்கிறேன்."

"அலமாக், ஐயோ, அந்த வளைவா மாமா? அங்க நான் குறைச்சிருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"குறைச்சுக்கோ," என்றேன்.

அவன் வருமுன்பே கார்பரேட்டருக்குள் செப்புக்கம்பியில் ஒரு சின்னக் கொக்கி வைத்திருந்தேன். ஒருமுறை முழுதாகத் திறந்தால் ஆக்சிலேட்டர் திரும்ப மூடாது. சுத்தமாக அமைந்த வேலை. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறமாட்டான்.

நன்றாகத்தான் ஏறி வந்தான். விக்கல் கேட்டது. அவன் கை ஆக்சிலேட்டரைத் திருப்பித் திருப்பி மூடப் பார்த்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தான். வண்டி வளைவில் திரும்பாமல் நேரே போனது.

இறங்கிப் போனேன். எஞ்சின் எனக்கு வேண்டிய மாதிரியே, ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்தபடி, அணைந்திருந்தது. வண்டி அவன் தொடைமேல் கிடந்தது. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, தூக்குங்க," என்றான்.

"இரு," என்றேன்.

பிளக் கொதித்தது. துணி சுற்றிக் கழற்றினேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான். கார்பரேட்டரில் பெட்ரோல் பாய்கிற துளை, அந்த ஜெட்டைப் பெரிதாகப் போட்டால் தீர்ந்தது. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கார்பரேட்டரைத் திறந்து கொக்கியை எடுத்தேன். அதுவரைக்கும் அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். வண்டியைத் தூக்கியபோது கூப்பிடவில்லை.

சீக்கிரம் கட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் ஆஸ்பத்திரி டிரஸர். இருக்கலாம்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஐயா. ஆனால் சதாசிவம் கண்டதையும் மாட்டி வண்டியைக் கெடுத்தான், கெட்டுப்போன வண்டி ஆளைக் கொன்றது என்று எஸ்டேட் முழுக்கப் பேசுகிறார்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் வந்தேன். வண்டியில் ஒரு குற்றமும் இல்லை. கொக்கி வைத்தவன் நான். அந்த வளைவில் என்ன நடக்கும் என்று தெரிந்தே வைத்தேன். ஹாண்டிலை நிமிர்த்தி, ஜெட்டை மாற்றி, நேற்று அதே மேட்டில் ஏறிப் பார்த்தேன். விக்கலே இல்லை. வளைவில் மட்டும் குறைத்துக்கொண்டேன்.

லெட்சுமணன் கிளட்சைப் பிடித்திருந்தால் தப்பியிருப்பான். சொல்லிக் கொடுத்திருந்தேன், பதற்றத்தில் மறந்துவிட்டான். ரொம்ப நாள் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. இப்போது இல்லை. இதைக் கேட்டபிறகு தனலெட்சுமி என் முகத்தில் விழிக்க வரமாட்டாள். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் தம்பியை நான் மன்னித்துவிட்டேன் என்று.