தலைமாட்டுப் பக்கம்

சத்யநாராயணன்: தலையணையெல்லாம் கால்மாட்டுல போட்டது யாரும்மா?

ஜெனி: நான்தான் சார். கட்டிலோட தலைப்பக்கம் வடக்கால இருக்கு. நீங்க வடக்கே தலைவெச்சுப் படுக்கமாட்டீங்களே...

சத்யநாராயணன்: நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே!

ஜெனி: சொல்லணுமா? இந்த ஹோட்டல்ல முதல் தடவை தங்கினப்ப நீங்களே மாத்திப் போட்டுப் படுத்திருந்தீங்களாம். காலைல பெட்ஷீட் மாத்த வந்த அமலராணி அக்கா பாத்துட்டாங்க. அதுலேர்ந்து நீங்க வர்றதுக்கு முன்னாடியே...

சத்யநாராயணன்: அந்தம்மா சர்ச்சுக்குப் போறவங்க. வடக்கு தெற்கெல்லாம் பாப்பாங்களா?

ஜெனி: அவங்க பாக்கமாட்டாங்க. தூங்கப்போறது நீங்கதானே சார்?

சத்யநாராயணன்: அடேங்கப்பா... வேலைக்குப் புதுசா?

ஜெனி: இந்த மாசம்தான் சேந்தேன். பேரு ஜெனி. அக்கா லீவு சார்.

சத்யநாராயணன்: நான் கேக்கவே இல்லையே.

ஜெனி: எல்லாரும் கேப்பாங்க... அதான் முந்திக்கிட்டேன்.

சத்யநாராயணன்: எனக்கு ஒரகடத்துல வேலை முடிஞ்சுதும்மா. இனி கேளம்பாக்கம் பக்கம்தான். அங்கேயே ஒரு புது ஹோட்டல்ல ரூம் போடறேங்கறாங்க கம்பெனில. நீச்சல் குளம்லாம் இருக்காம்.

ஜெனி: உங்களுக்கு நீச்சல் தெரியுமா?

சத்யநாராயணன்: தெரியாது.

ஜெனி: அப்புறம் என்ன சார்!

சத்யநாராயணன்: ஏம்மா இவ்ளோ பதட்டம்? நான் ஒருத்தன் போனா ஹோட்டல் சாஞ்சிடுமா?

ஜெனி: மேனேஜர் பிரிட்டோ சார் சொல்வாரு... எங்க கம்பெனிக்கு ஊரூரா ஹோட்டல் இருக்காம். வந்தவங்களே திரும்பத் திரும்ப வர்றது இந்தத் தாம்பரம் ஹோட்டலுக்குத்தானாம். எல்லாம் அமலராணி அக்காவாலதானாம். இப்ப நீங்கள்லாம் ஒவ்வொருத்தரா போயிட்டா... அம்மா பேரு என்ன சார் ஆகும்?

சத்யநாராயணன்: அம்மாவா?

ஜெனி: அக்கா... அக்கான்னு சொல்ல வந்தேன்.

சத்யநாராயணன்: சொல்லும்மா...

ஜெனி: லீவுன்னது பொய் சார். எங்கம்மா போன மாசம் தவறிட்டாங்க. நீங்கள்லாம் எப்படித் தூங்குவீங்கன்னு வீட்டுல ஒரே பேச்சா இருக்கும். பெருமை தாங்காது அவங்களுக்கு. அவங்க இல்லேன்னு தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்களோன்னு...

சத்யநாராயணன்: எனக்குத் தெரியும்மா. நீயா சொல்லட்டும்னுதான் தெரியாத மாதிரி பேசினேன். பிரிட்டோ போன் பண்ணினாரு. கல்லறைல பின்னாடி பெட்டியும் பையுமா ஒரு கூட்டம் நின்னுச்சே... நீ அழுதுட்டிருந்த, பாத்திருக்கமாட்ட. அத்தனை பேரும் இங்க தங்கறவங்கதான். கேளம்பாக்கம் வேணாம், தாம்பரத்துலேர்ந்தே போய்வந்துக்கறேன்னு நான் அன்னைக்கே கம்பெனில சொல்லியாச்சு. இனிமே யாரு வந்தாலும் லீவுன்னு சொல்லாத... அமலராணி பொண்ணுன்னு சொல்லு.