தோல் பேரிங்

— கையை எடு முனியப்பா! எடுங்கறேன்ல! அதை உள்ள வைக்காதே!

— அட, காலை விடு மாதேசு. காருக்கடியில கெடக்கறவனைக் காலைப் புடிச்சு இழுப்பாங்களா? ஆயில் அத்தனையும் மூஞ்சியில ஒழுகுது.

— ஒழுகட்டும். உன்ற கையில என்ன அது?

— தோலு.

— அது எனக்கும் தெரியுது. பேரிங் இருக்கவேண்டிய எடத்துல தோலுக்கு என்ன சோலி?

— முந்தாநேத்து பங்களா மேட்டுல பேரிங் உருகி ஓடிப்போச்சு. நீதானே ரெண்டு சோடி மாடு கட்டி இங்க இழுத்துட்டு வந்தே? மாட்டுத்தோல் வாரை ஆயில்ல ஊற வெச்சு, அளவா நறுக்கிச் சுத்திட்டா வண்டி ஓடும். நீ பாக்காததா?

— பாத்திருக்கேன். நடுக்காட்டுல வண்டி நின்னுபோனா, எப்படியோ ஊடு வந்து சேர்றதுக்குப் பண்ற வேலை அது. ஒண்டிக்கடை ஊருக்குள்ள ஷெட்டுல, கூரைக்கு அடியில, சாமானெல்லாம் சுத்திலும் பரப்பி வெச்சுக்கிட்டுப் பண்றியே! நீ நடத்தறது பட்டறையா, செருப்புக்கடையா?

— நாலு மணிக்குத் தொரை வண்டியக் கேட்டிருக்காரு. இப்பவே மணி பன்னெண்டு. அக்கட்ட தள்ளு, வெளிச்சத்தை மறைக்காதே.

— நாலு மணிக்கு முடியாட்டி வெள்ளிக்கிழமை குடு. தொரை கப்பலேறச் சீமைக்குக் கெளம்பறது அடுத்த வாரம். அவரு போனதுக்குப் பொறவு இந்த வண்டி யாருது?

— அந்த ஸ்பேனரை இப்படி எடு.

— ஸ்பேனர் கெடக்கட்டும். வண்டி யாருது?

— உன்றதுன்னு சொல்லிக்கிறே.

— நானா சொல்லிக்கலை. கிறிஸ்துமஸ் அன்னைக்கு எஸ்டேட் ரைட்டர், கங்காணி, பங்களா ஆளுங்க அத்தனை பேரையும் நிறுத்தி வெச்சு அவரே வாயால சொன்னாரு. இருவத்திரண்டு வருசம் என்னை மலையேத்தி எறக்கினவன், நான் போனா வண்டி அவனுக்குத்தான்னு. ரைட்டர் கை தட்டினாரு. நீயும் வந்து கேக் தின்னுட்டுத்தானே போனே?

— தின்னேன். இப்ப எஞ்சின் நெலமையச் சொல்றேன், கேளு. சிலிண்டர் தேஞ்சு கோழிமுட்டையாட்டம் ஆயிருச்சு. ரிங்கு பேருக்குத்தான் இருக்குது. பெட்ரோலை விட ஆயிலை அதிகமாக் குடிக்குது. இதுக்குப் போயி முழு வேலை பாக்கறது, சாகப்போற மாட்டுக்குக் கொம்பு சீவறாப்பல.

— சாகப்போற மாடா? தொரைசாணி காய்ச்சல்ல நெனப்பு தப்பிக் கெடந்தப்ப, மழையில, ரோட்டுல பாதி சரிஞ்சு கெடந்தப்ப, சேலம் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனது இந்த மகராசி. ஒரு வளைவுல இருமினாளா? ஒரு வளைவுல? நாலு பேரிங்குல ஒண்ணுதான் போயிருக்குது. அந்த ஒண்ணை ஒழுங்கா வார்த்துப் போட்டு, ரிங்கை மாத்திக் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

— எதை வெச்சு வார்க்கறது? ஒயிட் மெட்டல் இல்லை. செர்மன் சண்டை முடிஞ்சு ஒரு வருசமாச்சு, சேலம் முச்சூடும் தேடியும் ஒரு கட்டி கண்ணுல படலை.

— அப்படிச் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் இதைக் கொண்டாந்தேன். புடி.

— என்ன இது? ஈயச்சொம்பா!

— பூவாயி கல்யாணத்துக்கு அவ அம்மா குடுத்தது. உருக்கு. பழைய பேரிங்ல ஒட்டியிருக்கறதை வழிச்சுப்போட்டுக் கலந்துக்க. அதுல முக்காவாசி ஈயந்தான்னு நீதானே ஒருக்கா சொன்னே?

— பூவாயிக்குத் தெரியுமா?

— தெரியாம எடுத்துட்டு வர நான் என்ன திருடனா? அடுப்புல இருந்து எறக்கி, கழுவித் தொடச்சு அவளேதான் குடுத்தா. ரசம் மண்சட்டியில கொதிக்காதாங்கறா. இருவத்திரண்டு வருசமா இந்த வண்டி கழுவத் தண்ணி சுமந்தவ அவ. ஒரு நாள் சீட்டுல உக்காந்ததில்லை. தொரை ஊட்டு நாயி உக்காரும், அவ உக்காரக் கூடாது. வண்டி கைக்கு வந்த மொத ஞாயித்துக்கிழமை முன்சீட்டுல உக்கார வெச்சு, சேலம் கடைவீதிய ஒரு சுத்துச் சுத்திக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்.

— சொம்பை எடுத்துட்டுப் போயிரு.

— ஏன்?

— இந்த எஞ்சினுக்கு இம்புட்டுப் போதும்.

— போதும்னு மெக்கானிக் சொல்றியா, இல்லை வேற யாராச்சும் உன்னைச் சொல்லச் சொன்னாங்களா? மூஞ்சியப் பாத்துச் சொல்லு முனியப்பா.

— தொரை காலையில சீட்டு அனுப்பிச்சிருந்தாரு. ஓடற அளவுக்குப் பண்ணு, அதுக்கு மேல கையை வைக்காதேன்னு.

— எவ்வளவு தூரம் ஓடற அளவுக்கு?

— போயி ஒரு காப்பியக் குடிச்சுட்டு வாயேன் மாதேசு.

— காப்பியாவது கத்தரிக்காயாவது! இந்தத் தோலு சேலம் போயிச் சேர்ற வரைக்கும் தாங்குமா?

— தாங்காது.

— மலையடிவாரம்?

— பாதி வளைவு தாண்டாது.

— அப்ப எதுக்கு வைக்கிறே? இரு, இரு. தெரிஞ்சுபோச்சு. நம்மூரு பஸ் முதலாளி இங்க வந்தானா? நான் இவளை வாடகைக்கு ஓட்டப்போறது அவனுக்குப் புடிக்கலை. ஒண்டிக்கடையில இருந்து வாடகைக் காரு ஒண்ணு ஓடினா அவன் பஸ்ஸுக்கு ஆளு கொறையுமில்ல? மொத சவாரியிலேயே வண்டி நடுமலையில நிக்கணும். ஏறினவங்க எறங்கி நடக்கணும். பொறவு எவனும் என்ற வண்டியில ஏறக்கூடாது. அதுக்குத்தானே இந்தத் தோலு?

— ஆமா.

— என்ன ஆமா?

— அப்படியே வெச்சுக்க. நான் கெட்டவன், கைக்கூலி வாங்கறவன். என்னை எப்படி வேணாலும் திட்டிக்க. ஆனா இப்பவே போயி எஸ்டேட்டை வாங்கியிருக்கற புதுத் தொரையப் பாத்து, டிரைவர் வேலை வேணும்னு கேட்டுரு.

— அவரே கூப்பிட்டாரு. வேண்டான்னு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டியா? எப்போ?

— நேத்து. சொந்த வண்டி ஓட்டப்போறேனுங்கன்னு சொன்னேன். சேலத்துல இருந்து வேற ஆளைக் கொண்டாந்துட்டாரு. எஸ்டேட்டுல குடுத்த லைன் ஊட்டைச் சனிக்கிழமை அவனுக்கு விட்டுக் குடுக்கணும். ஏன் அப்படிப் பாக்கறே?

— அட கெரகமே. நேத்தா? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

— எதுக்குப் பொறுக்கணும்? எனக்கும் பூவாயிக்கும் இனி சோறு போடறது இவதான். அதனாலதான் உன்ற காலைப் புடிச்சு இழுத்தேன். வேணும்னா அதே காலைப் புடிச்சுக் கெஞ்சறேன். தோலைத் தூக்கிப் போட்டுட்டு அடுப்பை மூட்டு.

— ஏனுங்ணா! மாதேசண்ணா, இங்கதான் இருக்கறீங்களா?

— யாரு, மருதாயியா? பங்களாவுல சமையலை விட்டுட்டு எதுக்குப் புள்ள இப்படி மூச்சு வாங்க ஓடியாரே?

— தொரை கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. நாலு மணிக்கு வண்டி ரெடியான்னு. எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்ணா. காலையில குதிரையச் சுட்டுப் போட்டாருங்க.

— எந்தக் குதிரைய?

— நம்ம பங்களா வெள்ளைக் குதிரையத்தானுங்க. ரெண்டு நாயையும் தோட்டத்துல வெச்சே சுட்டாருங்க. குதிரைய மட்டும் கரடியூர்ப் பாறைக்கு நடத்திட்டு வரச் சொல்லி, லாயத்துச் சித்தண்ணன் கையிலயே கவுத்தைக் குடுத்துப் புடிக்கச் சொன்னாருங்க. சுட்டு முடிச்சு, சித்தண்ணன் கையாலயே பாறையில இருந்து கீழ தள்ள வெச்சாருங்க. சித்தண்ணன் வந்து லாயத்துல படுத்தவருதான், இன்னும் எந்திரிக்கலீங்க.

— அழுவாத மருதாயி. குதிரையும் நாயும் கப்பல்ல போகுமா? போற தொரைங்க பலபேரு இப்படித்தான் பண்றாங்க. ஆசையா வளத்தது இன்னொருத்தன் கையில போயி அடிபட்டுச் சீரழியக் கூடாதுன்னு பண்றது. அதுவும் ஒரு பாசந்தான்.

— பாசமுங்களா? நல்லா ஓடியாடிட்டு இருந்த குதிரையாச்சுங்களே. சித்தண்ணன் கிட்டக் குடுத்திருந்தா கண்ணுல வெச்சுக் காப்பாத்தியிருப்பாரு.

— சித்தன் காப்பாத்துவான்தான். ஆனா சோத்துக்கில்லாதப்ப அது முதுகுல மூட்டையத்தான் ஏத்துவான். தான் ஏறிப் போன குதிரை மேல நம்மாளு மூட்டைய ஏத்தறதைத் தொரையால நெனச்சுப் பாக்க முடியாது. அவரு மனசு எனக்குத் தெரியும். இருவத்திரண்டு வருசம் பக்கத்துலயே இருந்தவன் நான்.

— என்னமோ போங்க. ஏனுங் முனியப்பண்ணா, நீங்க எதுக்குங்க தோலைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டீங்க?

— ஒண்ணுமில்லை. நாலு மணிக்கு வண்டி ரெடின்னு போயிச் சொல்லு.

— ரெடி இல்லைன்னு சொல்லு மருதாயி! வெள்ளிக்கிழமைதான் ஆகும்னு சொல்லு!

— ரெண்டுல எதைங்க நான் சொல்லட்டும்?

— கொஞ்சம் நில்லு மருதாயி. மாதேசு, இங்க வந்து உக்காரு. அந்தச் சீட்டை ரைட்டர்தான் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. வேலைய முடிச்சு வண்டிய அனுப்பிட்டா, என்ற வாயால உனக்குச் சொல்லவேண்டி வராதுன்னு பாத்தேன். நீ திட்டினதைக்கூட அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். இந்தச் சொம்பைப் பாத்ததுக்குப் பொறவு முடியலை.

— சுத்தி வளைக்காதே. எவ்வளவு தூரம் ஓடினாப் போதும்னு எழுதியிருக்காரு?

— நாலு மைல்.

— நாலு மைல்ல என்ன இருக்குது?

— கரடியூர்ப் பாறை. விளிம்பு வரைக்கும் ஓட்டிட்டு வந்து, எஞ்சினை நிறுத்திட்டு, வண்டியக் கீழ தள்ளிவிட வேண்டியது மாதேஸ்வரன்னு எழுதியிருக்காரு.