செடிகளுக்கு மதிய ஓய்வு

உங்கள் ஜன்னலில் பாட்டில் தண்ணீரில் ஒரு கொடி வைத்திருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். பாட்டில் முழுக்கப் பச்சை பிடித்திருக்கிறது. அது செழிப்பு இல்லை, பாசி. வெளிச்சத்தைக் கொட்டினால் செடி வளரும் என்று நினைப்பவர்கள்தான் உலகத்தில் பாதிப் பேர். மீதிப் பேர் பிளாஸ்டிக் செடி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களாவது பரவாயில்லை, எதையும் சாகடிப்பதில்லை.

நீங்கள் கேட்டது என் மனைவி இறந்ததைப் பற்றி. வருகிறேன். தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஊருக்குப் போகும் தண்ணீரைக் குழாயில் பிடித்து, சோதித்து, எண்களை எழுதி வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் என் தாளில் ஒரு எண்ணைக்கூட யாரும் அடித்துத் திருத்தியதில்லை. வீட்டுக் கூடத்தில், இரும்பு ஸ்டாண்டின் மேல் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. பதினொரு வருடமாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்க சார்?" என்பார்கள். மீன் ஆறு இருந்தன, நகம் அளவில். தொட்டி மீனுக்காக இல்லை, செடிக்காக என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு நான் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டேன்.

தண்ணீருக்குள் வளரும் செடிக்கு வெளிச்சம் அளந்து தர வேண்டும். என் தொட்டியில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை விளக்கு எரியும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை இருட்டு. மறுபடி மூன்றிலிருந்து ஏழு. அந்த மூன்று மணி நேரம் செடிகளுக்கு மதிய ஓய்வு. தண்ணீரில் குறைந்துபோன கரியமில வாயு அப்போது திரும்பச் சேரும். செடி அந்த இடைவெளியைத் தாங்கும், பாசி தாங்காது. விளக்கை ஏற்றி அணைக்க ஒரு டைமர் உண்டு. வட்டமான முகம், சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள், ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். பல்லை அழுத்தி வைத்தால் அந்த நேரத்தில் எரியும், தூக்கி வைத்தால் அணையும். குழந்தைகூடச் செய்யும். என் மச்சினனால் முடியவில்லை.

மனைவியின் தம்பி அவன். வேலை தேடுகிறேன், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். இரண்டு வருடம் ஆயிற்று. நல்லவன் என்று எல்லாரும் சொல்வார்கள். எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவனை வேறு எப்படிச் சொல்வது? தொட்டியில் அவனாகவே மூக்கை நுழைத்தான். நண்பர்கள் வந்தால் ஓய்வு நேரத்தில் டைமரைத் திருகி விளக்கைப் போட்டுக் காட்டுவான். "பாவம் மாமா, செடிக்கு வெளிச்சம் வேணாமா?" என்பான். ஒரே மாதத்தில் இலைகளின் மேல் மயிர் மயிராகப் பாசி படர்ந்தது. அதைத் துடைக்கிறேன் என்று சனிக்கிழமைதோறும் பன்னிரண்டரைக்குக் கையை முழங்கை வரை உள்ளே விட்டான். நாசமாக்கியவனே துடைத்தும் விட்டால் அவனுக்குக் கைராசிக்காரன் என்று பெயர். அப்படித்தான் என் மனைவி சொன்னாள்.

கண்ணாடியின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கவும். அக்காவும் தம்பியும் ஒருநாளும் பிடுங்கியதில்லை. "அதான் லைட் அணைஞ்சிருக்கே" என்பார்கள் இருவரும், ஒரே குரலில். விளக்கு அணைந்திருப்பதும் மின்சாரம் இல்லாதிருப்பதும் ஒன்று என்று அவர்கள் எண்ணம். நூறு தடவை சொல்லியிருப்பேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

தொட்டியில் ஒரு சிவப்புச் செடி இருந்தது, அதற்கு வருகிறேன். ஒரு சாண் தண்டாக வந்தது. அது தழைக்கப் பதினான்கு மாதம் காத்திருந்தேன். போன மாதம் அதை இடம் மாற்றி நட்டேன். இடம் மாறினால் சில செடிகள் பழைய இலைகளை எல்லாம் அழுக விட்டுவிடும், பிறகு வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். பொறுமை உள்ளவனுக்கு அது தெரியும். நான் வேலையிலிருந்து வந்தபோது அந்த இடம் வெறும் மணலாக இருந்தது.

"அழுகிப்போச்சு மாமா. தண்ணி கெட்டுடும்னு பிடுங்கிக் குப்பையில போட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி சிரித்தாள். "விடுங்க, ஒரு செடிதானே. சின்னப் பையன்கிட்ட போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு." சின்னப் பையனுக்கு முப்பத்தோரு வயது.

தொட்டியின் மேலிருந்த விளக்கு பழசு. ஒரு முனையில் மூடி விரிசல் விட்டிருந்தது. கை விடுவதற்காக அதை ஓரம் தள்ளினால் அந்த முனை தண்ணீரில் இறங்கும். எனக்குத் தெரியும். புது விளக்கு வாங்கி மூன்று வாரமாக அலமாரியில் பெட்டியோடு இருந்தது. மாட்டவில்லை. முதலில் சோம்பல்தான். சிவப்புச் செடி போன பிறகு சோம்பல் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வந்து டைமரில் பன்னிரண்டே முக்கால் பல்லை அழுத்தி வைத்தேன். பன்னிரண்டரைக்கு அவன் துடைக்க ஆரம்பிப்பான், முக்காலுக்கு விளக்கு எரியும். நான் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்தேன். அவன் பஞ்சை நனைத்தான், விளக்கை ஓரம் தள்ளினான், அதற்குள் அவன் போன் அடித்தது. பேசிக்கொண்டே படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டான். எடுத்த காரியத்தை முடிக்காமல் போவது அவன் வழக்கம்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். கையில் ஒரு டீ கிளாஸ். அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு துண்டு வேர், வேரின் மேல் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புத் துளிர்.

"குப்பையிலேருந்து அன்னைக்கே எடுத்து வச்சேங்க. பிழைச்சா காட்டலாம்னு சொல்லாம இருந்தேன். எங்க நடட்டும்?"

சுவர்க் கடிகாரத்தில் முக்காலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. நான்கு நிமிடம் என்பது கொஞ்ச நேரமில்லை. கையை விடாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவளுக்குக் காரணம் சொல்லி, அவள் தம்பியிடம் அதைச் சொல்லி, இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்து... அதை யோசித்துப் பார்த்தேன். பிளக் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சீட்டு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

"பின்னால, வலது மூலையில" என்றேன். "நல்லா ஆழமா நடு."

ஒரு கையால் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே விட்டாள். மணல் சரிந்துகொண்டே இருந்ததால் நேரம் ஆயிற்று. "நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். "பொறுமையா செய்" என்றேன். பேப்பரில் ஒரு பக்கம் புரட்டினேன். அவ்வளவுதான்.

அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்து அறையில் அவனை உட்கார வைத்திருக்கிறீர்கள். அழுவது இங்கே கேட்கிறது. "நான்தான் எப்பவோ டைமரைத் திருகி அப்படியே விட்டிருப்பேன், அக்காவை நானே கொன்னுட்டேன்" என்கிறானாம். நீங்களும் நம்பிவிட்டீர்கள். உங்கள் தாளில் 'டைமர் தவறுதலாக மாற்றப்பட்டிருந்ததால் நேர்ந்த விபத்து' என்று இருப்பது இங்கிருந்தே தலைகீழாகத் தெரிகிறது. அப்படித்தான் எழுதுவீர்கள் என்று தெரிந்துதான் நானாக வந்தேன். அவனுக்காக இல்லை. அவன் எவ்வளவு அழுதாலும் எனக்கொன்றுமில்லை. அந்தத் 'தவறுதலாக' என்பதை அடித்துவிடுங்கள். பல்லை அழுத்தியது நான். இரண்டு தடவை சரிபார்த்தேன். அது நிமிடம் பிசகாமல் ஏற்றியது.

தொட்டியை உங்கள் ஆட்கள் எடுத்துப் போவதானால் குலுக்காமல் தூக்கச் சொல்லுங்கள். மீன்கள் போய்விட்டன, செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்புச் செடியில் இப்போது நான்கு இலை. அவள் அதை மேலாகத்தான் நட்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையை விட்டுச் சரியாக நட்டேன்.